தலைவர் வீட்டுக் கேன்

அம்மிணி,

நீ உள்ளறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். ஜிப் சிக்கிக்கொண்டதும் நீ அதைத் திட்டுவது எனக்கு இங்கே கேட்கிறது. இருபதடி தூரத்தில் இருக்கிற மகளுக்கு உட்கார்ந்து கடிதம் எழுதுகிற அப்பனை நீ பார்த்திருக்க மாட்டாய். மைக்கைக் கையில் கொடுத்தால் திருப்பித் தராதவன், கல்யாண வீட்டுப் பந்தியில் கூட கலப்புத் தீவனத்தைப் பற்றிப் பேசுகிறவன், உன் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை சொல்லத் தைரியமில்லாமல் சங்கத்து லெட்டர்பேடின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை நீ கெங்கவல்லிப் பக்கம் மாட்டு ஆஸ்பத்திரியில் டாக்டராகச் சேரப் போகிறாய். அதற்கு முன்னால் இதை நீ படித்தாக வேண்டும். படித்துவிட்டு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. உன்னோடு படித்தவர்களுக்கெல்லாம் போனில் படமெடுத்து அனுப்பினாலும் சரி. இத்தனை வருஷம் மறைத்தது போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் உனக்குப் பாராட்டு விழா வைத்தோம். வைத்தோம் என்ன, நான்தான் வைத்தேன். பால் சங்கத் தலைவன் நான், நம்ம ஊரில் மாட்டு டாக்டருக்குப் படித்த முதல் ஆள் என் மகள், சும்மா விடுவேனா? சாமியானா, ஒலிபெருக்கி, வந்தவர்களுக்கெல்லாம் மிக்சர் பொட்டலம். பொன்னாடை போர்த்தியதும் நீ பேச எழுந்தாய். "எனக்கு மொத வாத்தியாரு எங்கப்பாதானுங்க" என்று ஆரம்பித்தாய். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்து நீ என்ன சொல்லப் போகிறாய் என்று தெரிந்ததும் எழுந்து மைக்கை வாங்கிவிடலாமா என்று பார்த்தேன். நீ ஒன்பதாவது படித்தபோது நடந்ததைச் சொன்னாய். சங்கத்துப் பால் கூலரில் இருந்த பாலில் மாட்டுக்குப் போட்ட மருந்து கலந்திருந்ததையும், ஒரு சொட்டுக் கூட வெளியே போகக் கூடாது என்று அத்தனை பாலையும் நான் ஓடையில் திறந்துவிட்டதையும் சொன்னாய். "ஒருத்தரு பண்ணுன தப்புல ஊருப் பேரே போயிருக்கும். எங்கப்பாதான் காப்பாத்துனாரு" என்றாய். கைதட்டல் அடங்க நேரமானது.

நீ பெயர் சொல்லவில்லை. உனக்கு அந்த மரியாதை தெரியும். ஆனால் நம்ம ஊரில் பெயர் சொல்ல வேண்டிய தேவை இல்லை. முன்வரிசையிலிருந்து நாலைந்து தலைகள் பின்பக்கம் திரும்பின. கடைசி வரிசையில் சரசு உட்கார்ந்திருந்தாள், நீ சரசக்கா என்று கூப்பிடுவாயே, அவள்தான். சங்கத்துப் பக்கமே வராதவள். லீவுக்கு வந்தபோது அவள் ஆட்டுக்கு நீ வைத்தியம் பார்த்தாயே, அந்த நன்றிக்காக உன்னைப் பார்க்க வந்திருந்தாள். மடியில் வைத்திருந்த மிக்சர் பொட்டலத்தை எடுத்து நாற்காலியில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்து போனாள். நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ பார்க்கவில்லை, நீ எனக்குப் பொன்னாடை போட வந்துகொண்டிருந்தாய்.

அந்தத் தப்பைச் செய்தது சரசு இல்லை, சாமி. நான்தான். அன்றைக்கு கூலரில் விழுந்த மருந்துப் பால் நம்ம வீட்டுக் கேனிலிருந்து விழுந்தது.

கூலர் வந்த கதை உனக்குத் தெரியும், நானே ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். அதற்கு முன்னால் நம்ம ஊர்ப் பால் கேன்களில் அடைபட்டு வெயிலில் வண்டிக்குக் காத்துக் கிடந்து புளித்துப்போகும். ஊரிலேயே பாலைக் குளிரவைக்கும் தொட்டி வேண்டும் என்று நான் ஏறாத ஆபீஸ் இல்லை, பார்க்காத அதிகாரி இல்லை. வந்தது. எவர்சில்வர் தொட்டி, உள்ளே பாலைக் கலக்கிக்கொண்டே இருக்கிற துடுப்பு. திறப்பு விழாவன்று அதற்குச் சந்தனம் குங்குமம் எல்லாம் வைத்தோம். ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. பால் ஒரு மட்டத்துக்கு மேல் நின்றால்தான் துடுப்பு பாலில் முங்கிக் கலக்கும். அந்த மட்டத்துக்குக் குறைந்தால் டேங்கர் லாரியும் நம்ம ஊருக்குத் திரும்பாது. அந்தச் சித்திரையில் மாட்டுக்குப் போடுகிற சோளத் தட்டுக்கும் பஞ்சம், தண்ணிக்கும் பஞ்சம், எல்லார் வீட்டிலும் பால் வற்றிவிட்டது. போதாததற்குத் தனியார் வண்டிக்காரர்கள் வீட்டு வாசலிலேயே வந்து பால் எடுத்தார்கள். தினமும் காலையில் கூலர் மூடியைத் திறந்து துடுப்பு முங்கியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதே எனக்கு வேலையாகப் போனது. ஊரே என்னை நம்பி மாடு வாங்கியிருந்தது. தொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டால் நான் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது?

அப்போதுதான் நம்ம கருப்பு வெள்ளைக் கலப்பின மாட்டுக்கு மடிநோய் வந்தது. ஒரு காம்பு கல்லாட்டம் வீங்கி, பால் திரிதிரியாக வந்தது. டாக்டர் வந்து மூன்று நாள் ஊசி போட்டார். கடைசி ஊசி போட்டுவிட்டுக் கிளம்பும்போது, இன்னும் நாலு நாளைக்கு இந்தப் பாலை ஊற்றாதீர்கள், கன்றுக்குக் கூட வேண்டாம், குழியில் கொட்டுங்கள் என்று சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால் வீக்கம் வடிந்து பால் வெள்ளையாக, பார்க்க நல்லபடியாகவே வந்தது. உன் அம்மா அந்தப் பாலைக் குழிக்குத் தூக்கினாள். நான் வாங்கிக் கேனில் ஊற்றினேன். "டாக்டரு சொன்னது காதுல உழுவலீங்களா?" என்றாள். "அத்தன பாலுல இது எங்க தெரியப் போவுது. தலைவர் ஊட்டுக் கேனே கொறஞ்சா மத்தவன் எப்படி ஊத்துவான்" என்று அதட்டினேன். எனக்குப் பாலைப் பற்றிய கவலை பாதி, என் கேன் லேசாக இருப்பதை ஊர் பார்த்துவிடுமே என்ற கவலை பாதி. உண்மையைச் சொன்னால் இரண்டாவது பாதிதான் பெரியது.

நம்ம சங்கத்து மரியாதை உனக்குத் தெரியும். தலைவர் வீட்டுக் கேன் வந்தால் வரிசை ஒதுங்கி வழி விடும். டெஸ்டர் மற்றவர்கள் பாலைக் குழாயில் எடுத்து, கருவியில் வைத்துப் பார்ப்பார். நம்ம கேனுக்கு மூடியைத் திறந்து மோந்து பார்ப்பதோடு சரி. அந்த மரியாதையை நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அன்றைக்கும் மோந்து பார்த்தார், ஊற்றினார், துடுப்பு முங்கியது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் டேங்கர் லாரி வந்தது. லாரியோடு வந்தவர் கூலரிலிருந்து கொஞ்சம் பால் எடுத்து, மருந்து கலந்திருக்கிறதா என்று காட்டும் சின்னச் சீட்டை அதில் வைத்துப் பார்த்தார். அந்த வழக்கம் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது, எனக்கே தெரியாது. இரண்டு முறை பார்த்தார். இந்தப் பாலை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். ஆகவே, அம்மிணி, நீ மேடையில் சொன்ன வீரம் எதுவும் அங்கே நடக்கவில்லை. லாரிக்காரர் வேண்டாம் என்ற பாலைக் கொட்டாமல் நான் வேறு என்ன செய்ய முடியும்? குழாயைத் திறந்ததைப் பிறகு நான்தான் கதையாக்கினேன்.

கதையின் மோசமான பகுதி இனிமேல்தான். லாரியோடு வந்தவர் போகும்போது, "நாளைக்கு ஒவ்வொருத்தர் பாலையும் தனித்தனியாப் பாத்துரலாங்க, யாருதுன்னு தெரிஞ்சுரும்" என்றார். பார்த்தால் என் கேன்தான் மாட்டும். காலிக் கேனை வாங்க வரிசையில் நின்ற எல்லாரையும் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன்: "யாரு ஊட்டு மாட்டுக்கு ஊசி போட்டீங்க?" ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. பின்னாலிருந்து சரசு முன்னால் வந்தாள். அவளுக்கு ஒரே ஒரு மாடு. வீட்டுக்காரர் போர்வெல் போடுகிற ரிக் லாரியில் வடக்கே போனால் ஆறு மாதம் கழித்துத்தான் வருவார். வரப்பு வரப்பாகப் புல்லறுத்து அந்த மாட்டை வைத்திருந்தாள். "என்ற மாட்டுக்குப் போட்டதுங்ணா. டாக்டர் சொன்ன நாளுக்கு மேல ஒரு நாளு சேத்தியே கொட்டிப்போட்டு, இன்னிக்குத்தானுங்க ஊத்துனேன்" என்றாள். அத்தனை பேரில் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னவள் அவள் ஒருத்தி. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "அப்பறமென்ன, ஆளு கெடைச்சாச்சு. நாளைக்கு யாரையும் பாக்க வேண்டியதில்லை" என்றேன். "என்ற பாலத் தனியாப் பாருங்ணா, நாளைக்குப் பாருங்ணா" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "இனிமேல் உம்பட பால் சங்கத்துக்கு வேண்டாம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவள் கேனைக் கூட நான் கையில் தரவில்லை. காலால் தள்ளினேன்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து நீ என்னிடம் என்ன கேட்டாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "சரசக்கா பாவம் இல்லையாப்பா?" என்றாய். நான் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒருத்தர் நேர்மை தவறினால் நூறு வீட்டு உழைப்பு வீணாகும் என்று நீளமாகப் பாடம் நடத்தினேன். அருமையாகத்தான் பேசினேன். உன் அம்மா சமையலறையில் பாத்திரத்தை ‘டொம்’ என்று வைத்தாள். மறுநாள் காலையில், "இனிமே கேனை நீங்களே தூக்கிட்டுப் போங்க. நான் அந்தப் படி ஏற மாட்டேன்" என்றாள். முழங்கால் வலியால் அம்மா சங்கத்துக்குப் போவதில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். முழங்காலுக்கு ஒன்றுமில்லை.

சரசு அந்த மாதமே மாட்டைச் சந்தையில் விற்றாள். தனியார் வண்டிக்காரர்களும் அவள் பாலை வாங்கவில்லை, பேச்சு பரவிவிட்டது. கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கப் போனாள், இன்றைக்கும் அங்கேதான் போகிறாள். இது அவளுக்கு நான் செய்தது. ஊருக்கு நான் செய்தது வேறொன்று. அது எனக்குப் புரியவே பல வருஷம் ஆனது. அன்றைக்குப் பிறகு நம்ம ஊரில் ஒருத்தரும் தன் மாட்டுக்கு ஊசி போட்டதை வாய்விட்டுச் சொன்னதில்லை. டாக்டர் பைக் வந்தால் கட்டுத்தரைப் படலைச் சாத்திக்கொள்கிறார்கள். உண்மையைச் சொன்ன ஒருத்திக்கு என்ன ஆனது என்று எல்லாரும் பார்த்துவிட்டார்கள் இல்லையா? நான் ஊர் ஊராகப் போய்ப் பால் தொழில் வளர்ச்சியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். கூலர், தட்டு வெட்டுகிற மெஷின், கறவை மெஷின், நல்ல விந்து ஊசி என்று எல்லாம் கொண்டுவந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் மாட்டுக்கு நோய், இன்றைக்கு என்னிடம் பால் இல்லை என்று ஒரு பெண் பயமில்லாமல் வந்து சொல்கிற இடமாக அந்தச் சங்கம் இருந்தது. அதை நான்தான் கெடுத்தேன்.

திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. இந்தப் புதன்கிழமை நம்ம மாட்டுக்கு மறுபடி மடிநோய் என்று நீயே பார்த்தாய். நீயே ஊசி போட்டாய். உன் கையாலேயே கட்டுத்தரைச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எத்தனை நாள் ஊற்றக் கூடாது என்று கோடு கிழித்துவிட்டு வந்தாய். ஒரு சொட்டு ஊற்றவில்லை, தென்னங்குழியில் கொட்டினேன், சத்தியம். ஆனால் சங்கத்தில், "ஏனுங்க தலைவரே, கேன் லேசா இருக்குது?" என்று டெஸ்டர் கேட்டார். "கன்னுக்குட்டி அவுத்துட்டுப் போயிக் குடிச்சுருச்சுங்க" என்றேன். யோசிக்கவே இல்லை, நாக்கு தானாகப் புரண்டது. நீ ஊசி போட்ட மாட்டை, நீ போட்ட கோட்டை, உன் அப்பன் ஊருக்குச் சொல்ல வெட்கப்பட்டான். வீட்டுக்கு வந்து அந்தக் கோடுகளைப் பார்த்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

நேற்று சாயங்காலம் சரசு வீட்டுக்குப் போனேன். பண்ணையிலிருந்து அப்போதுதான் வந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். "வாங்ணா, உக்காருங்க. பால் இல்லீங்க, வரக்காப்பிதான் வெக்கோணும்" என்றாள். அந்த வரக்காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "நாந்தான் நாளத் தப்பா எண்ணிப்போட்டனோன்னு இத்தன வருசமா நெனச்சுட்டு இருந்தனுங்ணா. செவ்வாக்கெழமைல இருந்து எண்ணுனனா, பொதன்கெழமைல இருந்து எண்ணுனனான்னு இன்னும் விரலுட்டு எண்ணிப் பாப்பேன். ஊட்டுக்காரரும் எண்ணத் தெரியாதவள்னேதான் பேசுவாரு."

அம்மிணி, நான் அவளுடைய மாட்டைத்தான் போக்கினேன் என்று நினைத்திருந்தேன். அவளுக்குத் தன் மேலேயே இருந்த நம்பிக்கையையும் எடுத்துவிட்டிருக்கிறேன். நம்ம சினைக் கிடாரியை ஓட்டிவந்து கட்டிவிடுகிறேன் என்று உளறினேன். "மாடு நான் கேட்டனுங்களா?" என்றாள். மன்னிச்சுக்க சரசு என்றேன். "எங்கிட்ட, இங்க உக்காந்து சொல்லி என்னுங்க ஆகப் போவுது? என்னைய வரிசைல நிக்க வெச்சுத்தான சொன்னீங்க. அங்கயே சொல்லுங்க" என்றாள். சங்கத்துப் பேரவைக் கூட்டம் வரட்டும், முறையாகத் தீர்மானம் போட்டே சொல்கிறேன் என்றேன். பார், அப்போதும் எனக்கு மைக் வேண்டியிருக்கிறது. "கூட்டமெல்லாம் வேண்டாங்ணா. காலைல பால் ஊத்தற நேரத்துல" என்று சொல்லிவிட்டு, நான் குடிக்காமல் வைத்த தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நீ போகிற இடத்தில் பேச்சு வேறாக இருக்கும், மாடு வளர்க்கிறவர்கள் ஒன்றுதான். உன்னை வரவேற்கப் பெரிய வீட்டுக்காரர்கள் முதலில் வருவார்கள், கட்டில் போட்டு உட்காரவைத்து மோர் கொடுப்பார்கள். அவர்கள் மாட்டுக்கு ஊசி போட்டால், மறுநாள் நீயே போய்ப் பாலை எங்கே கொட்டினீர்கள், காட்டுங்கள் என்று கேள். கோபித்துக்கொள்வார்கள், கேட்டுவிடு. அன்றைக்கு வந்த டாக்டர் என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால் நான் நிச்சயம் சண்டைக்குப் போயிருப்பேன், ஆனால் ஊற்றியிருக்க மாட்டேன். ஒற்றை மாட்டுக்காரி யாராவது வந்து, டாக்டரம்மா, நாள் முடிந்துவிட்டதா என்று கேட்டால், அவளோடு சேர்ந்து நீயும் விரல் விட்டு எண்ணு. சரியாக எண்ணியிருக்கிறாய் என்று நாலு பேர் காதில் விழும்படி சொல். எனக்கு இதற்கு மேல் உனக்குச் சொல்ல அருகதை இல்லை. இதையே கூட ஒரு தோற்றுப்போன ஆளின் புத்திமதியாக எடுத்துக்கொள்.

நாளைக் காலையில் நீ கோடு போட்ட நாட்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன. இன்னொரு மாட்டுப் பாலை அம்மாவிடமே வீட்டுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள், சொன்னேன். உடனே போய் அந்தப் பழைய கேனைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். நாளைக்குத் தானும் சங்கத்துப் படி ஏறி வருவதாகச் சொல்கிறாள். சரசுவுக்கும் சொல்லி அனுப்பியாகிவிட்டது. நீயும் வா, அம்மிணி. வந்து என் பக்கத்தில் நிற்காதே, சரசக்கா பக்கத்தில் நில்.

நாளைக்கு வழி விட்டாலும் நான் முன்னால் போக மாட்டேன். அன்றைக்கு அவள் நின்ற இடத்தில், வரிசையின் கடைசியில் நிற்பேன். என் முறை வந்ததும் டெஸ்டர் மூடியைத் திறப்பார். "ஏனுங்க தலைவரே, கேன் வெறுங்கேனா இருக்குது?" என்று கேட்பார். அங்கிருந்து ஆரம்பிப்பேன்.

உன் அப்பா